வட்டமிடும் பருந்தா, மறைந்திருக்கும் வல்லூறா?

வீட்டின் பின்புறம் மேய்ந்துகொண்டிருந்த கோழிக்குஞ்சுகளில் ஒன்றைக் காணவில்லை. அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் ஒரு பருந்து வட்டமிடுகிறது. "அதுதான் தூக்கிக்கிட்டுப் போயிருக்கும்" என்கிறார் பாட்டி. தம்பி கவணைத் தேடி ஓடுகிறான்.

மாணவர்களே, கொஞ்சம் பொறுங்கள். கண்ணில் பட்ட பறவைதான் குஞ்சைத் தூக்கியது என்பதற்கு என்ன சான்று?

வேட்டைப் பறவையைக் கண்டதும் பலரும் முதலில் நிறத்தைத்தான் கவனிக்கிறார்கள். நிறமோ எளிதில் ஏமாற்றிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும் எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். வளர்ந்த பறவைக்கு ஒரு நிறம், இளம் பறவைக்கு வேறு நிறம் இருப்பதும் உண்டு. எனவே இறக்கை, வால், அலகு ஆகிய மூன்றின் வடிவத்தை முதலில் பாருங்கள். பறவையின் பெயரோடு அதன் பிழைப்பும் அதிலேயே தெரிந்துவிடும்.

நீண்ட இறக்கை: வானத்தில் மிதப்பவை

வெயில் ஏறியதும் தரை சூடாகிறது. அதன்மேல் உள்ள காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. நீண்டு அகன்ற இறக்கை கொண்ட பறவைகள் இந்தக் காற்றில் ஏறி, இறக்கையை அடிக்காமலேயே வட்டமிடுகின்றன.

அவற்றுள் நமக்கு நன்கு அறிமுகமானது செம்பருந்து. நம் பெரியவர்கள் கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைப் பார்த்துத்தான். தலையும் மார்பும் வெள்ளை. மற்ற உடல் செம்பழுப்பு. இளம் பறவை முழுவதும் பழுப்பாக இருக்கும். மீன், நண்டு, செத்த உயிரினங்கள் ஆகியவையே இதற்கு முக்கிய உணவு. லங்காவியின் டத்தாரான் லாங் சதுக்கத்தில் நிற்கும் பெரிய சிலை இப்பறவையுடையதுதான்.

சிறிய தலையும் நீண்ட கழுத்துமாக, புறாவின் தலையைப் பருந்தின் உடலில் பொருத்தியதுபோல் ஒரு பறவை தெரிந்தால், அது தேன் பருந்தாக இருக்கலாம். குளவி, தேனீக் கூடுகளைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பதுதான் இதன் தொழில். கொட்டு படாமல் இருக்க இதன் முகத்தில் செதில் போன்ற அடர்ந்த சிறகுகள் உண்டு. குளிர்காலத்தைக் கழிக்க வட ஆசியாவிலிருந்து சுமத்ரா வரை செல்லும் இப்பறவைகள், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலாக்கா நீரிணையைக் கடந்து திரும்புகின்றன. கடலுக்கு மேல் வெப்பக்காற்று அவ்வளவாக எழும்பாது. அதனால்தான் நீரிணை குறுகும் இடமான தஞ்சோங் துவானில் அவை கூட்டமாகக் கரையேறுகின்றன. அங்கே கடலின் அகலம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர்.

குட்டை இறக்கை, நீண்ட வால்: மரத்தில் பதுங்குபவை

குட்டையான, வட்டமான இறக்கையும் நீண்ட வாலும் இருந்தால், அது கிளைகளுக்கிடையே சட்டென்று திரும்பிப் பாயும் பறவை. வால்தான் அதற்குச் சுக்கான். சிங்கப்பூரிலும் மலேசிய நகரங்களிலும் உள்ள மரங்களில் வாழும் கொண்டை வல்லூறு இந்த வகை. தலையின் பின்புறம் சிறு கொண்டை, தொண்டையின் நடுவே ஒரு கருங்கோடு, வயிற்றில் குறுக்குப் பட்டைகள், வாலின் அடியில் பஞ்சு போன்ற வெள்ளைச் சிறகுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். மைனா, புறா, எலி, ஓணான் ஆகியவற்றை இது பிடிக்கும். கோழிக்குஞ்சு கிடைத்தாலும் விடாது.

அலகைப் பார்க்க மறவாதீர்கள்

உடலில் புள்ளிகள், வாலில் பட்டைகள், சிவந்த கண்கள். இதைக் கண்டு 'வல்லூறு' என்று குறித்துக்கொண்டால் ஏமாறலாம். அது பெண் குயிலாகவும் இருக்கக்கூடும். வேட்டைப் பறவையின் அலகு கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். குயிலின் அலகில் அந்தக் கொக்கி இல்லை.

இனி பாட்டியின் வழக்குக்கு வருவோம். மேலே வட்டமிட்டது தேன் பருந்தாக இருந்தால், அதற்குக் கோழிக்குஞ்சைவிடக் குளவிக்கூடுதான் முக்கியம். குஞ்சைத் தூக்கியது மாமரத்தில் பதுங்கியிருந்த வல்லூறாக இருக்கலாம். பூனை, உடும்பு, மூசாங் ஆகியவற்றின் வேலையாகவும் இருக்கலாம். நேரில் பார்க்காதவரை எதன்மீதும் பழி போட முடியாது. வல்லூறே வந்திருந்தாலும் கவண் வேண்டாம். தோட்டத்து எலிகளைப் பிடிப்பதும் அதுதான். கூண்டுக்கு மேல் ஒரு வலை கட்டினால் குஞ்சுகள் தப்பிக்கும்.

இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இறக்கையின் வடிவம், வாலின் நீளம், அலகு, பறவை என்ன செய்தது ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் ஒரு படமும் வரையுங்கள். அடுத்த முறை மைனாக்கள் கூட்டமாகக் கத்தினால் வானத்தைப் பார்க்க வேண்டாம். அவை எந்தக் கிளையைப் பார்த்துக் கத்துகின்றன என்று பாருங்கள்.