நட்ட நிலமும் நடாத நிலமும்

பொறியியல் என்றதும் நம் கண்முன் நிற்பன பாலமும் அணையும் எந்திரமுமே. இரும்பின் உறுதியையும் சீமெந்தின் வலிமையையும் அளந்து, இன்ன பாரத்தை இது தாங்கும் என்று முற்கூட்டியே உரைப்பது அக்கலை. ஆனால், நாணலையும் நுண்ணுயிரையும் சேற்றையும் துணைக்கொண்டு நீரைத் தூய்மை செய்யும் ஒரு பொறியியலும் இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுகின்றது. சூழலியற் பொறியியல் என்பது அதன் பெயர்.

1960களில் இப்பெயரை வழக்கிற் கொணர்ந்தவர் அமெரிக்கச் சூழலியலறிஞர் ஹவார்ட் ரி. ஓடம். 1989இல் அமெரிக்கரான வில்லியம் மிற்ஷ் என்பாரும் டென்மார்க்கு நாட்டவரான யோர்கென்சென் என்பாரும் இத்துறைக்கு ஓர் அறிமுக நூலைத் தொகுத்தளித்தனர். 1992இல் இதற்கெனத் தனி ஆய்விதழும் தோன்றிற்று. எனினும் ஒரு வினா எஞ்சியது: தானே வளர்ந்து தானே மாறும் ஒன்றை முற்கூட்டியே வரைந்து காட்டுவது எங்ஙனம்? மாணாக்கனுக்கு எதனைக் கற்பிப்பது? தேர்வில் எதனை வினாவுவது?

ஓகையோ அரச பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒரு சோதனை இவ்வினாவுக்கு ஒளியூட்டுகின்றது. ஒலென்ராஞ்சி ஆற்றங்கரையில், ஏறத்தாழ 1 ஹெக்டேயர் பரப்புடைய ஈரநிலங்கள் இரண்டை மிற்ஷ் குழுவினர் அமைத்தனர். 1994இல் ஒன்றில் 13 இனத் தாவரங்களை நட்டனர். மற்றதில் ஒன்றையும் நட்டிலர். இரண்டிற்கும் ஆற்றுநீரை ஒரே அளவாகப் பாய்ச்சினர். மூன்றாண்டு சென்றபின், நடாத நிலத்திலும் செடிகள் தாமே வந்து செறிந்திருந்தன. பெரும்பாலான அளவீடுகளில் இரு நிலங்களும் ஒத்து நின்றன. ஆயினும் வேற்றுமை முற்றாக மறைந்திலது. பின்னாளில் நட்ட நிலத்தில் இனவகை மிகுந்தது, நடாத நிலத்தில் சம்பு மிகுந்தது.

அங்ஙனமாயின் பொறியியலாளன் வேண்டாதவனோ? அன்று. நிலத்தை அகழ்ந்தவனும் நீரை அளந்து விட்டவனும் அவனே. எதுவரை தான் செய்வது, எதனை இயற்கையிடம் விடுவது என்பதே அவன் கற்கவேண்டிய பாடம். இதனாலேயே நீரியக்கவியலும் கணிதமும் ஒருபுறமும், தாவரவியலும் மண்ணியலும் மறுபுறமுமாக இப்பாடநெறி அமைகின்றது. அமெரிக்காவின் ஓரிகன் அரச பல்கலைக்கழகம் இத்துறையில் இளமாணிப் பட்டமும் வழங்குகின்றது.

தமிழாசிரியனாகிய எனக்கு இச்செய்தி அந்நியமன்று. இலக்கியம் முற்பட்டது, அதனைக் கண்டு வகுத்த இலக்கணம் பிற்பட்டது. வழக்கு மாறும்போது சூத்திரமும் இடங்கொடுத்தே வந்துள்ளது. எனினும், சூத்திரத்தை ஒப்புவிக்கும் மாணாக்கனுக்குப் புள்ளியிடுதல் எளிது. எவ்விடத்திற் கையை எடுத்துவிடவேண்டும் என்று அறிந்தவனுக்குப் புள்ளியிடுதல் அரிது. தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரத்தில் அவ்வறிவை அளத்தல் இயலாது. மாணாக்கனை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, பருவங்கள் மாறும்வரை காத்திருக்கும் பொறுமை ஆசிரியனுக்கும் வேண்டும்.