ஆபத்துக்கு உங்கள் பள்ளி தயாரா?

தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் என எது வந்தாலும் என்ன செய்வது என்று எழுதிவைத்த திட்டம் பல பள்ளிகளிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்பதை அந்தத் திட்டத்தைப் படித்து அறிந்துகொள்ள முடியுமா? ஜப்பானில் நடந்த ஒரு பேரிடரைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல்தளம் உயர்ந்தது, அதன் மேலிருந்த நீரும் எழும்பிச் சுனாமியாகக் கரையை நோக்கிப் புறப்பட்டது. அப்போது பள்ளிகளில் குழந்தைகள் இருந்தனர்.

அலையோடு ஓட்டப் பந்தயம்

சுனாமியின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு 9.8 ஆல் பெருக்குங்கள். கிடைப்பதன் வர்க்கமூலமே, அலை ஒரு விநாடியில் செல்லும் தூரம். ஆழம் 4000 மீட்டர் என்றால் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 198 மீட்டர்; அதாவது மணிக்கு 710 கி.மீ. ஆகாய விமானத்தின் வேகம்! கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போதும் அது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும். நூறு மீட்டரைப் பத்து விநாடியில் கடக்கும் வீரருக்குத்தான் அதற்கு ஈடு கொடுக்க முடியும். அதுவும் சில விநாடிகளுக்கே.

ஆகவே அலையைக் கண்ட பிறகு ஓடிப் பயனில்லை. நிலம் அதிர்ந்ததற்கும் அலை வருவதற்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களே உயிர் காப்பவை. அந்த நிமிடங்களை இரண்டு ஊர்களின் பள்ளிகள் எவ்வாறு பயன்படுத்தின?

ஏட்டில் இருந்த திட்டம்

இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளி கடலிலிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. உள்ளே, கிட்டாகாமி ஆற்றங்கரையில் இருந்தது. அபாய வரைபடத்தின்படி சுனாமி அவ்வளவு தூரம் வராது. பள்ளியிலும் ஒரு திட்டம் இருந்தது. சுனாமி வந்தால் அருகிலுள்ள காலி இடம், பூங்கா முதலியவற்றுக்குச் செல்லவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எந்தக் காலி இடம்? எந்தப் பூங்கா? அது குறிப்பிடப்படவில்லை.

நிலநடுக்கம் நின்றதும் ஆசிரியர்கள் குழந்தைகளை ஒழுங்காக விளையாட்டுத் திடலுக்கு அழைத்து வந்தனர். அடுத்து எங்கே போவது? தலைமை ஆசிரியர் அன்று பள்ளியில் இல்லை. பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு குன்று இருந்தது. அதில் ஏறுவது பாதுகாப்பா என்ற கேள்விக்கு முடிவு ஏற்படவில்லை. சுமார் 50 நிமிடங்கள் கழிந்தன. கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே இருந்த சற்று மேடான இடத்தை நோக்கிப் புறப்பட்டபோது அலை வந்துவிட்டது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2018-ல் செந்தாய் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைக் கூறியது. தவறு அந்த 50 நிமிடங்களில் தொடங்கவில்லை; அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. திட்டத்தில் இடமும் வழியும் தெளிவாக இல்லை. அதைச் சோதித்துத் திருத்தவேண்டிய கல்வி வாரியமும் சோதிக்கவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் இத்தீர்ப்பு உறுதியாயிற்று.

ஓடிப் பழகிய பாதை

இன்னும் வடக்கே கமாய்ஷி நகரின் உனோசுமாய் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரு தொடக்கப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. அவையும் வரைபடத்தில் அபாய எல்லைக்கு வெளியேதான் இருந்தன! ஆனால் கட்டாடா தொஷிதாக்கா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக அந்நகரப் பள்ளிகளில் மூன்று பாடங்களைக் கற்பித்து வந்தார். முன்கணிப்பை அப்படியே நம்பாதே. அந்த நேரத்தில் இயன்றதையெல்லாம் செய். பிறருக்குக் காத்திராமல் நீ முதலில் புறப்படு. இரு பள்ளிகளும் சேர்ந்து ஒத்திகை நடத்தியிருந்தன.

அன்று நடுநிலைப் பள்ளி மாணவர்கள் உடனே ஓடத் தொடங்கினர். தம் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் கூடியிருந்த சிறுவர்கள் இதைக் கண்டு தாமும் இறங்கி ஓடினர். குறித்த இடத்தை அடைந்தபோது, அருகே ஒரு மலைச்சரிவு இடிந்து விழுவதைக் கண்டனர். அங்கே நிற்காமல், பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேலும் உயரமான இடத்துக்குச் சென்றனர். பிறகு அதையும் விட்டு மேலே ஏறினர். அனைவரும் தப்பினர். சிறுவர்கள் முதலில் கூடியிருந்த மூன்றாவது தளம்வரை நீர் வந்திருந்தது.

ஒத்திகையே தவறினால்?

அதே உனோசுமாயில் இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே பேரிடர் தடுப்பு மையம் என்ற கட்டடம் இருந்தது. சுனாமியின்போது உடனே தஞ்சம் புகுவதற்கு உரிய இடமன்று அது. ஆயினும் வசதியாக இருக்கிறதென்று ஊர் மக்கள் அங்கேயே ஒத்திகை நடத்தி வந்தனர். அன்றும் பழகிய காலோடு அங்கே சென்றனர். நூறு பேருக்கு மேல் மடிந்தனர். ஒத்திகை நல்ல பழக்கத்தையும் ஊட்டும், கெட்ட பழக்கத்தையும் ஊட்டும். அதனால்தான் ஒத்திகையையும் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி?

ஒரு நிறுவனத்தின் ஆயத்தத்தை ஐந்து கேள்விகளால் அளக்கலாம்:

1. போகவேண்டிய இடம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறதா?
2. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நடந்து பார்த்து அளந்தார்களா?
3. தலைவர் இல்லாவிட்டால் முடிவு செய்பவர் யார்?
4. அந்த இடமும் ஆபத்தானால் அடுத்த இடம் எது?
5. சென்ற ஒத்திகையில் கண்ட குறைகள் எவை? அவை திருத்தப்பட்டனவா?

ஐந்தாவது கேள்விக்குக் "குறையே இல்லை" என்ற விடை வந்தால் ஐயப்படுங்கள். குறை எதையும் காட்டாத ஒத்திகை பெரும்பாலும் மிக எளிதாக நடத்தப்பட்டதாகவே இருக்கும். முன்னறிவிப்பின்றி, ஒரு படிக்கட்டை அடைத்துவிட்டு, தலைமை ஆசிரியர் வெளியூரில் இருப்பதாக வைத்துக்கொண்டு நடத்திப் பாருங்கள். அப்போது குறைகள் வெளிவரும். அவற்றை எழுதி, திருத்தி, மீண்டும் நடத்த வேண்டும்.

இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். உங்கள் வகுப்பிலிருந்து திடலுக்குச் செல்ல எத்தனை நிமிடம் ஆகிறது? மாடிப்படியின் அகலம் என்ன? பின்கதவின் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? ஆசிரியரின் அனுமதியோடு இந்த வாரமே அளந்து, விடைகளைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்.