வீட்டில் மோட்டார் பந்தயம் பார்க்கும் நாளில் என்ன சாப்பிடலாம்?

1998இல் நம் ஜொகூரின் பாசீர் கூடாங்கில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டு அது செப்பாங்கிற்கு மாறியது. இன்று பாலோவில் இருந்தபடியே பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுடன் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் சற்றுத் திட்டமிட்டால் இந்த விருந்தில் மகிழ்ச்சியாகக் கலந்துகொள்ளலாம்.

முதலில் நேரத்தைப் பாருங்கள்

ஐரோப்பாவில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயங்கள் பல, நமக்கு இரவு 9 மணிக்குத் தொடங்குகின்றன. பந்தயத்திற்காக இரவு உணவைத் தள்ளிப்போடாதீர்கள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் சீனி அளவு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வழக்கமான நேரத்தில் உண்ணுங்கள். தட்டில் கால் பங்கு சோறு அல்லது இட்லி, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறி, பழம் இருக்கட்டும்.

எள்ளுப்பொடி தூவிய குட்டி இட்லியையும் வெள்ளை இட்லியையும் மாற்றி மாற்றி அடுக்கினால், பந்தய முடிவில் ஆட்டும் கட்டம் போட்ட கொடி தயார்!

கொடியின் நிறத்தில் சிற்றுணவு

• பச்சைக் கொடி (தடையில்லை): வெள்ளரிக்காய், கொய்யா. பல் வலுவில்லாதவர்களுக்கு அவித்த காய்கறி.
• மஞ்சள் கொடி (வேகத்தைக் குறைக்கவும்): பப்பாளி, அன்னாசி சில துண்டுகள், உப்புக் குறைந்த சுண்டல் ஒரு சிறு கிண்ணம்.
• சிவப்புக் கொடி (நிறுத்தவும்): முறுக்கு, கெரோப்போக், ஊறுகாய், இனிப்புப் பலகாரம். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து உப்பு 1 தேக்கரண்டிக்கு (5 கிராம்) மேல் வேண்டாம்.

என்ன குடிக்கலாம்?

சிங்கப்பூர் பந்தயத்தில் ஓட்டுநர்களின் உடலிலிருந்து 2 முதல் 3 கிலோ வரை வியர்வையாக வெளியேறும். நாமோ காற்றாடிக்குக் கீழே அமர்ந்திருக்கிறோம். நமக்குச் சக்தி பானம் தேவையில்லை. பச்சைத் தண்ணீர், சீனியில்லாத எலுமிச்சைச் சாறு, தே ஓ கோசோங் போதும். தே தாரிக்கில் 2 மேசைக்கரண்டி கெட்டிப்பால் சேர்த்தால், ஏறத்தாழ 4 தேக்கரண்டி சீனி சேர்கிறது. டின் பானம் வாங்கினால் லேபிளைப் பாருங்கள்: 5 கிராம் சீனி என்பது 1 தேக்கரண்டி.

சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

இடையில் எழுந்து நடங்கள்

பந்தயக் கார்கூட டயர் மாற்ற நிற்கிறது. நீங்களும் அரை மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து சற்று நடங்கள்.

கவனிக்கவும்

நீரிழிவு மருந்து எடுப்பவருக்குக் கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், தடுமாற்றம் ஏற்பட்டால், அதைப் பந்தயப் பரபரப்பு என்று விட்டுவிடாதீர்கள். 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்த பிறகு உணவு கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999ஐ அழையுங்கள். நெஞ்சுவலி வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மருந்து நேரத்தில் சந்தேகம் இருந்தால், அடுத்த பந்தயத்திற்கு முன்பே உங்கள் சுகாதாரக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.