சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர்

முப்பது ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான். எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும் முதலில் அதன் பரப்பையும் மக்கள் தொகையையும் தேடிப் பார்ப்பது இன்னும் விடாத பழக்கம். அமெரிக்கா என்றால் நம் வீடுகளில் நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும்தான் பேச்சில் அடிபடும். அந்த நாட்டின் வடகோடியில் உள்ள ஒரு கிராமப்புற மாவட்டத்தைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். வெளியூரில் குடியேறி வாழும் நமக்கு அதில் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

தேசப்படத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். அங்கே மெய்ன் என்ற மாநிலம். அதன் தலைப்பகுதி முழுவதும் அரூஸ்டுக் என்ற ஒரே 'கவுண்ட்டி'. கவுண்ட்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய மூன்று திசைகளிலும் கனடா. மாவட்டம் 1839-இல் உருவானது. தலைமையிடம் ஹோல்டன். தெற்கே மயாமியில் தொடங்கும் 95-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது.

இதன் நிலப்பரப்பு சுமார் 17,280 சதுர கிலோமீட்டர். நம் நாகாலாந்து மாநிலம் 16,579 சதுர கிலோமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி நாகாலாந்தில் 19.78 இலட்சம் பேர். அரூஸ்டுக்கிலோ 2020 கணக்கெடுப்பில் 67,105 பேர்தான். அதாவது சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர் கூட இல்லை. நாம் வசிக்கும் தில்லியில் அதே ஒரு சதுர கிலோமீட்டரில் பதினோராயிரம் பேருக்கு மேல்!

ஏன் இப்படி? மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும் மரத்துக்காக வளர்க்கப்படும் காடு. அங்கே ஊராட்சி என்று சொல்லக்கூடிய அமைப்பே கிடையாது. குளிரும் கடுமை. கேரிபூ என்ற ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது அடி பனி விழுகிறது. ஆகவே மக்கள் கிழக்கு எல்லையோரச் சமவெளியிலும், வடக்கே செயின்ட் ஜான் ஆற்றங்கரையிலும்தான் குடியிருக்கிறார்கள்.

கிழக்குச் சமவெளியின் செல்வம் உருளைக்கிழங்கு. ரயில் வந்த பிறகு கிழங்கு வெளிச் சந்தைக்குப் போகத் தொடங்கியது. 1940-களில் அமெரிக்காவிலேயே உருளைக்கிழங்கில் முதல் இடம் மெய்ன் மாநிலத்துக்கு. விளைந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்தில். அறுவடைக் காலத்தில் பள்ளிகளை மூன்று வாரம் மூடிவிடுவார்கள். பிள்ளைகள் வயலில் இறங்கிக் கிழங்கு பொறுக்குவார்கள். அந்த மண்ணின் ஆதிகுடிகளான மிக்மாக், மாலிசீட் மக்கள் மரச் சிம்பில் முடைந்த கூடைகள்தான் அப்போது வயலெங்கும். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. நூறு கை செய்த வேலையை இயந்திரம் செய்தது. முதலிடமும் ஐடஹோ மாநிலத்துக்குப் போயிற்று.

இன்னொரு பிழைப்பு ராணுவம். லைம்ஸ்டோன் என்ற ஊரில் 1950 வாக்கில் லோரிங் விமானப்படைத் தளம் அமைந்தது. சோவியத் நாட்டை எதிர்பார்த்து பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே நின்றன. பனிப்போர் முடிந்தது. 1994-இல் தளத்தை மூடினார்கள். 1990-இல் 9,922 பேர் இருந்த லைம்ஸ்டோனில் 2000-இல் எஞ்சியவர்கள் 2,361 பேர். நிலநடுக்கம் இல்லை, வெள்ளம் இல்லை, ஓர் அரசாணைதான். மாற்றல் உத்தரவுகளால் குவார்ட்டர்ஸ் குடியிருப்புகள் காலியாவதைப் பார்த்திருக்கும் நம்மில் பலருக்கு இது புரியும்.

மாவட்டத்தின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 1960-இல் 1,06,064. 1990-இல் 86,936. 2000-இல் 73,938. 2020-இல் 67,105. அறுபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மண்ணின் வளம் குறையவில்லை, ஆறு வற்றவில்லை. குறைந்தது வேலைதான். படித்த பிள்ளைகள் வேலை இருக்கும் நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களும் நம்மைப் போன்றவர்களே.

இனி நம்மை நேராகத் தொடும் செய்திக்கு வருகிறேன். வடக்கே ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் பிரெஞ்சு பேசும் அக்கேடியர்கள். 1755-இல் ஆங்கிலேயர் இவர்களுடைய முன்னோரைக் கடற்கரை ஊர்களிலிருந்து விரட்டினார்கள். அலைந்து திரிந்தவர்களில் சில குடும்பங்கள் 1785-இல் இந்தக் கரையில் வந்து தங்கின. 1842-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த உடன்படிக்கை இந்த ஆற்றையே எல்லை ஆக்கிற்று. ஒரே சமூகம் இரண்டு நாடாகிவிட்டது. இந்தக் கரையில் மடவாஸ்கா, எதிர்க்கரையில் கனடாவின் எட்மண்ட்ஸ்டன். அந்தக் கரையில் அரைத்த மரக்கூழ் ஆற்றைத் தாண்டிக் குழாய் வழியே வந்து இந்தக் கரையில் காகிதமாகிறது!

கூழுக்குக் கிடைத்த வழி மொழிக்குக் கிடைக்கவில்லை. 1919-இல் மெய்ன் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பொதுப்பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும். சுமார் அரை நூற்றாண்டு அது நடைமுறையில் இருந்தது. பள்ளியில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். அப்படியும் 2000 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வீட்டில் பிரெஞ்சு பேசுவதாகச் சொன்னார்கள். பள்ளியில் இழந்ததை அடுப்படியும் திண்ணையும் காப்பாற்றின என்றுதான் நான் நினைக்கிறேன். எதிர்க்கரை உறவும் துணை நின்றிருக்கும்.

அதே மாவட்டத்தில் நியூ ஸ்வீடன் என்று ஓர் ஊர். 1870-இல் ஸ்வீடன் நாட்டிலிருந்து 51 பேர் வந்து காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். இன்றும் கோடை நடுவில் பழைய உடையணிந்து பூக்கம்பம் நட்டு ஆடுகிறார்கள். விழா இருக்கிறது, ஆனால் ஸ்வீடிஷ் ஊர்ப்பேச்சாக இல்லை. பொங்கல் விழாவுக்கு மட்டும் வேட்டியும் பட்டுப்பாவாடையும் எடுக்கும் நாம் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2011-க்குப் பிறகு அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027-ஆம் ஆண்டுக்கென்று அறிவிக்கப்பட்டது. படிவத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கேள்வி உண்டு. குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி என்பதே அதற்குக் கணக்கெடுப்புத் துறை தரும் விளக்கம். வட இந்தியாவில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் 'தமிழ்' என்று பதில் சொல்ல வேண்டுமானால், அவர்களோடு நாம் தமிழில் பேசியிருக்க வேண்டும். அதிகாரி வந்து கதவைத் தட்டும் நாளில் யோசிப்பதைவிட, இன்றைய இரவுச் சாப்பாட்டிலிருந்தே பேசத் தொடங்குவோம்.