வேரோடு களைதல்

பிரித்தானியாவில் வாழும் எம்மவருள் வீட்டின் பின்புறத் தோட்டத்தோடு அமையாது, உள்ளூர்க் கவுன்சிலிடம் 'அலொற்மென்ற்' எனப்படும் நிலத்துண்டை வாடகைக்குப் பெற்றுப் பயிரிடுவோரும் உளர். இத்துண்டின் மரபான அளவு 10 றொட். அதாவது ஓர் ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதை அறிந்த பெற்றோர்க்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. இது சரியாக ஒரு பரப்புக் காணி. இப்போது பல இடங்களில் அதிற் பாதியையே கொடுக்கின்றனர்.

ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து பெறும் நிலம் பெரும்பாலும் முன்னிருந்தவர் கைவிட்ட நிலமாகவே இருக்கும். அவர் கைவிட்டதற்குக் காரணம் அநேகமாகக் களையாகவே இருக்கும். பயிரிடாது கிடக்கும் துண்டைக் கவுன்சில் மீளப் பெற்று அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே முதல் இளவேனிலில், ஒரு விதையேனும் ஊன்றுமுன், மண்ணுக்கு அடியில் நாம் செய்யும் வேலையிலேயே அந்நிலம் எமக்கு நிலைக்குமா என்பது தங்கியுள்ளது.

இங்குள்ள பாத்திகளில் முதலிற் காணப்படுவது 'கௌச்' என்னும் புல். மண்ணைக் கிளறினால் வெண்மையான, கம்பி போன்ற நீண்ட இழைகள் வரும். இவற்றை வேர் என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இவை மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டுகள். இஞ்சியும் மஞ்சளும் இவ்வகையினவே. சமையலறையில் மறந்துபோன இஞ்சித் துண்டொன்று தானாக முளைவிடுவதை மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு மண்ணோ நீரோ தேவைப்படவில்லை. தன்னிடமிருந்த மாப்பொருளைக் கொண்டே அது முளைத்தது. கௌச் புல்லின் தண்டிலும் கணுவுக்குக் கணு ஒரு முளையும், முளை வளர்வதற்கு வேண்டிய உணவும் உண்டு. அதன் நுனி ஊசிபோற் கூரியது. உருளைக்கிழங்கைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் செல்லக்கூடியது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். தண்டு அறுபடாதிருக்கும்வரை அதன் பெரும்பாலான முளைகள் உறங்கியே கிடக்கும். வளர்நுனியிலிருந்து வரும் ஒரு பதார்த்தம் பின்னாலுள்ள முளைகளை அடக்கி வைக்கிறது. தண்டை வெட்டினால் அந்த அடக்கு நீங்கிவிடும். பத்துத் துண்டாக வெட்டினால் பத்தும் தனித்தனிச் செடியாக முளைக்கும். வேலை விரைவாக முடியுமென்று நிலத்தைச் சுழற்றிக் கிளறும் ரொட்டவேற்றர் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவோருண்டு. அன்று மாலை நிலம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் வரிசை பார்த்து விதைத்ததுபோல் எங்கும் பச்சை. இயந்திரத்தை நாம் குறை கூறவில்லை. துப்புரவான மண்ணில் அது நல்ல துணை. களைத்தண்டு நிறைந்த மண்ணில் அது களைக்கு நாற்றுமேடை போடுகிறது.

ஊரில் கோரையோடு போராடியவர்களுக்கு இது புதிதன்று. கோரையின் கிழங்குகள் நூல் போன்ற தண்டினாற் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். மேலே பிடித்து இழுத்தால் நூல் அறும். கிழங்குகள் மண்ணிலேயே தங்கும். எனவே ஒரு கோரையைப் பிடுங்கினால் பல கோரை வரும். மூத்தோரிடம் கேட்டால் அவர்கள் இதை எம்மிலும் நன்றாகச் சொல்வர்.

மண்வெட்டியும் அகன்ற அலகுடைய கருவிகளும் தண்டை வெட்டும். ஆகவே நான்கு பற்கள் கொண்ட 'ஃபோர்க்' ஒன்றே இவ்வேலைக்கு உகந்தது. மண் ஈரமாகவும் கையில் ஒட்டாமலும் இருக்கும் நாளைத் தெரிந்தெடுக்க வேண்டும். காய்ந்து இறுகிய களிமண்ணில் இழைகள் அறுந்துவிடும். கௌச் தண்டுகளிற் பெரும்பங்கு மேல் 15 சென்ரிமீற்றருக்குள் இருப்பதால், அதற்குச் சற்றுக் கீழே ஃபோர்க்கைச் செலுத்தி மண்ணை நெம்பித் தளர்த்தி, உதறி, இழையின் ஒரு முனையைப் பற்றி, அது செல்லும் வழியே கையாற் பின்தொடர்ந்து எடுக்க வேண்டும். இதிற் சிறுவரின் கண்ணும் விரலும் பெரியவரை வெல்லும். நீண்ட இழையை அறாமல் எடுப்பவர் யார் என்று பிள்ளைகளிடையே போட்டி வைத்தால் ஒரு பாத்தி முடிவதே தெரியாது. ஒரு பரப்பையும் ஒரே பருவத்தில் இவ்வாறு செய்துவிட எண்ணுவது வீண் ஆசை. காற்பங்கைக் கிண்டி, மிகுதியைத் தடித்த கறுப்புப் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடிவிடுவதே அறிவு. ஒளியின்றி இலை உணவு ஆக்காது. தண்டிலுள்ள சேமிப்பு கரையும். ஓராண்டேனும் மூடியிருத்தல் வேண்டும்.

'பைண்ட்வீட்' என்னும் கொடி வேறு விதமானது. எமது வற்றாளங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவைப் பார்த்தாலே உறவு தெரியும். வேலிகளிற் பெரிய வெண்பூப் பூப்பதன் வேர்கள் அதிக ஆழம் போவதில்லை. சிறிய இளஞ்சிவப்புப் பூவுடைய வயல் வகையோ மீற்றர்க் கணக்கில் ஆழம் இறங்கும். அதன் விதை மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். இதனை முற்றாகக் கிண்டி எடுக்க எவராலும் இயலாது. எட்டும் ஆழம்வரை எடுத்துவிட்டு, பின் முளைத்து வருவதை வரவர வெட்டிப் பட்டினி போடுவதே வழி.

எடுத்தவற்றை எங்கே இடுவது? ஊரில் சித்திரை வெயிலில் விரித்துவிட்டாற் கௌச் போன்ற தண்டுகள் சருகாகிவிடும். இங்கே ஈர மண்மேற் கிடப்பது மீண்டும் வேரூன்றும். உரக்குவியலிற் போடுதல் ஆகாது; அடுத்த ஆண்டு உரத்தோடு பாத்திக்கே திரும்பிவிடும். மூடியுள்ள வாளியில் நீர் நிரப்பி, இரண்டு மாதமளவில் அமிழ்த்தி அழுகவிட்டால் பயமில்லை. நாற்றத்துக்கு மட்டும் பொறுமை வேண்டும்.

மூங்கில் போன்ற வெற்றுத் தண்டும் இதயவடிவான இலையும் கொண்ட 'ஜப்பானிய நொட்வீட்' தென்பட்டால் இவற்றில் எதையும் செய்யலாகாது. 1850இல் கியூ தாவரவியற் பூங்காவுக்கு வந்துசேர்ந்த இச்செடி, விரல்நகமளவு தண்டிலிருந்தும் முளைக்கவல்லது. இதனை வெளியிடங்களிற் பரவச் செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தோண்டிய மண்ணைக்கூட உரிமம் பெற்ற இடத்திலேயே கொட்டலாம். கை வைக்காமல் தோட்டப் பொறுப்பாளருக்கு அறிவிக்கவும்.

துப்புரவாக்கிய பாத்தியில் முதல் ஆண்டு என்ன நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வெங்காயம், கரட், கீரை ஆகியன நெருங்கி வளர்பவை. இடையே தோன்றும் களையை எடுக்கப் போனாற் பயிரும் கூட வரும். உருளைக்கிழங்கே எமது தெரிவு. அதனை அகழும்போது மண் இரண்டாம் முறையும் கிண்டப்பட்டு, தப்பிய இழைகள் கைக்கு வரும். பூசணியும் நன்று, ஒன்றுக்கொன்று மூன்றடிக்கு மேல் இடைவெளி விடுவதால் நடுவே வேலை செய்ய இடமுண்டு.

வைகாசி, ஆனியில் பயிர்களுக்கு நடுவே கௌச் மீண்டும் தலைகாட்டும். அப்போது இழுத்துப் பிடுங்கினால் அருகிலுள்ள பயிரின் வேர் அசையும். மூன்று நான்கு இலை விரியும்வரை விட்டு, பழைய கத்தியொன்றை மண்ணுக்குச் சற்றுக் கீழே செலுத்தி அறுத்துவிட வேண்டும். அதுவரை அச்செடி சேமிப்பைச் செலவழித்தே வளர்ந்திருக்கும். அதற்குமேற் சென்றால் இலை ஆக்கும் உணவு மீண்டும் தண்டுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து வீடு திரும்பும் வழியில் கால்மணி நேரம் இதற்குப் போதும்.