ஆறிய புண்ணும் ஆறாத வலியும்

முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியதால் நடக்கவும் இயலாமல் வருந்திய ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சில மாதங்கள் சுகமாக இருந்த பின், இடுப்பிலிருந்து பின்தொடை வழியே குதிகால்வரை மின்சாரம் பாய்வதுபோன்ற பழைய வேதனையே திரும்பக் கண்டாரானால், அவருடைய சந்தேகம் வைத்தியர்மீதும், வீட்டாரின் சந்தேகம் அவர்மீதும் விழுவது வழக்கமாக இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் அநியாயமே.

கத்தி பட்ட இடத்தில் வடுத் திசு வளர்வது சரீர தர்மம். காலை உயர்த்தும்போது சில மில்லிமீட்டர் நழுவிக் கொடுக்க வேண்டிய நரம்பு வேரை அது பற்றிக்கொள்ளும்போது உபாதை பிறக்கலாம். ஆயினும் வடு இருந்தும் வலியே அறியாதவர்கள் அநேகர். ஆகவே படத்தில் வடு தெரிந்த மாத்திரத்தில் அதுவே குற்றவாளி என்று தீர்மானிப்பதற்கில்லை. காடோலினியம் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், ரத்தநாளங்கள் உள்ள வடு விரைவில் ஒளிரும். மீண்டும் பிதுங்கிய தட்டோ ஆரம்பத்தில் இருண்டே நிற்கும். இந்தப் பேதம் அதிமுக்கியமானது. ஏனெனில் தட்டை எடுத்தால் குணம் காண இடமுண்டு, வடுவை வெட்டினாலோ பெரும்பாலும் புது வடுதான் மிஞ்சும்.

கபாபென்டின், டுலோக்செடின் போன்ற மருந்துகளும் பொறுமையான உடற்பயிற்சியுமே முதற்படி. அதற்கு மேல், அமெரிக்காவின் லப்பக் நகரத்து மருத்துவர் கேபர் ராட்ஸ் வகுத்த முறை ஒன்றுண்டு. வால்புறத்து எலும்பின் துவாரம் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் சாயம் பரவாமல் தடைபடும் இடத்தைக் கண்டு, அங்கே ஹயலுரானிடேஸ் என்ற நொதியையும் 10 சதவீத உப்புநீரையும் செலுத்தி வடுவைத் தளர்த்துகிறார்கள். சிலருக்குச் சில மாத நிவாரணம் கிடைக்கிறது. தண்டுவட உறை கிழிதல், கிருமித் தொற்று ஆகிய அபாயங்களும் உண்டு.

இன்னொரு வழி, உடலில் பொருத்திய கருவியால் மின்துடிப்பு அனுப்பி வலியைத் தணிக்க முயலும் தண்டுவட மின்தூண்டல். 1967-ல் மருத்துவர் நார்மன் ஷீலி தொடங்கிய இம்முறையைப்பற்றி ஆராய்ச்சிகள் ஒருமுகமாக இல்லை. 2007-ல் வெளிவந்த, 100 பேரைக் கொண்ட ஆய்வில், கருவி பொருத்தியவர்களில் 48 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் கால்வலி பாதியாவது குறைந்தது. 2022-ல் நார்வேயில் 50 பேரிடம் நடந்த சோதனையிலோ, கருவி இயங்கிய காலத்துக்கும் இயங்காத காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. ஆதலால், தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்காமல் அந்தப் பெருஞ்செலவில் இறங்குவது உசிதமன்று.

மறு அறுவைக்கு அவசரப்பட வேண்டாம்; ஆனால் பாதம் திடீரெனத் துவண்டாலோ, மர்ம ஸ்தானத்தில் உணர்ச்சி மங்கினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.