மந்தணக் கழகமும் இருட்காதலும்

அமெரிக்கப் புனைகதையுள் ‘டார்க் ரொமான்ஸ்’ எனப்படும் இருட்காதற் புதினம் இந்நாளில் பெருக வழங்குகின்றது. அச்சமும் வன்கண்மையும் விரவிய காதலைக் கூறும் இவ்வகை, செல்வர் பயிலும் பல்கலைக்கழகங்களின் மந்தணக் கழகங்களைக் களனாகக் கொள்ளுதல் உண்டு. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

இத்தகைய கழகங்களுக்கு யேல் பல்கலைக்கழகம் தக்க சான்றாகும். அங்கு 1832-இல் தோன்றிய ‘ஸ்கல் அண்டு போன்ஸ்’ கழகம், இறுதியாண்டு புகவிருக்கும் மாணவருள் 15 பேரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும். 1991 வரை அங்குப் பெண்டிர்க்கு இடமில்லை. டாஃப்ட்டும், புஷ் குடும்பத்துத் தந்தையும் மகனுமாகிய குடியரசுத் தலைவர் மூவர் அதன் உறுப்பினராயிருந்தனர். கழகத்தின் பெயரும் மனையும் ஊரறிந்தவை. உள்ளே நிகழ்வதே மறைபொருள். இத்தகு தேர்வு பெறும் வேட்கையையே ஓவன் ஜான்சனின் ‘ஸ்டோவர் அட் யேல்’ (1912) ஆராய்கின்றது.

இருட்காதற் புதினமோ இத்தேர்வைப் பெண்மீது ஏற்றுகின்றது. ஷாண்டெல் டெசியரின் ‘தி ரிச்சுவல்’ (2021) என்னும் கதையில், கழகத்தார் மூன்றாண்டு காமம் துறந்திருந்து, இறுதியாண்டில் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவள்’ ஒருத்தியைப் பரிசிலாகப் பெறுவர். முன்னைய தேர்வு மாணவனை உறுப்பினன் ஆக்கிற்று. இத்தேர்வு பெண்ணை உடைமை ஆக்குகின்றது.

தமிழ் பயின்ற நமக்குக் களவொழுக்கம் ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தொல்காப்பியர் கூறும் களவு, ஒத்த தலைவனும் தலைவியும் கூடிக் கற்பை நோக்கிச் செல்லும் நெறி; அங்கு மறைவு இருவர்க்கும் அரண். இங்கு மறைவு வலியார்க்கே அரண்.

லீ பர்டுகோவின் ‘நைன்த் ஹவுஸ்’ (2019) காதற்கதை அன்றெனினும், இவ்வேற்றுமையைத் தெளிவாக்குகின்றது. யேலில் பயின்ற அவ்வாசிரியர், கழகத்தாரின் மாயவினைக்கு எளியோர் உடல் கருவியாதலைப் புனைந்து காட்டுகின்றார். அக்கதையில், தன்விருப்பை அழிக்கும் மருந்தொன்று மாணவி ஒருத்தியை வன்முறைக்கு ஆளாக்குகின்றது. அதனை ஆசிரியர் காதலென்று கூறவில்லை, கொடுமையென்றே காட்டுகின்றார்.

அச்சத்தைப் புனைவின் எல்லைக்குள் நின்று சுவைத்தல் குற்றமன்று. எனவே, இக்கதைகளை ஆராய்வார் இருளின் மிகுதியைக் கொண்டு அவற்றை மதிப்பிடலாகாது. மறுக்கும் உரிமை தலைவிக்கு உண்டா, அம்மறுப்பு கதையின் போக்கை மாற்றுகின்றதா என்னும் இரண்டையுமே முதற்கண் நோக்குதல் வேண்டும் என்பது நம் கருத்து.